எண்ணும் மனச்சான்றும்

எண்கள் பொய்யுரைக்கமாட்டா என்பது ஒரு சாரார் துணிபு. எண்களைக் கொண்டு எதனையும் நிறுவிவிடலாம் என்பது பிறிதொரு சாரார் துணிபு. இவ்விரு கருத்துக்களும் ஓர் உண்மையை மறந்துவிடுகின்றன. எண் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் எழுப்பிய வினாவுக்குரிய விடையாகும். வினாவை மறைத்துவிட்டு விடையை மட்டும் எடுத்தோதுதல் அறமாகுமா? அரசாங்கங்கள் வெளியிடும் சில்லறை விற்பனைப் புள்ளிவிபரங்களை முன்வைத்து இதனை ஆராய்வோம்.

நாடொன்றிலுள்ள கடைகள் அனைத்தினதும் விற்பனையை மாதந்தோறும் கூட்டியறிதல் இயலாது. எனவே மாதிரி அளவீடே கைக்கொள்ளப்படுகின்றது. பிரித்தானியாவில் ஏறத்தாழ 5,000 விற்பனையாளரிடம் மாதந்தோறும் தகவல் பெறப்படுகின்றது. பெருநிறுவனங்கள் யாவும் அதனுள் அடங்கும். சிறுகடைகளிற் சில மட்டுமே தெரிந்தெடுக்கப்படும். அவ்வாறு தெரிவான சிறுகடை ஒவ்வொன்றும் தன்னையொத்த பல கடைகளின் சார்பிற் பேசுகின்றது. திரட்டப்பட்ட தொகை பின்னர் பருவகாலத் திருத்தம், விலைத் திருத்தம் என்னும் இரண்டுக்கு உட்படலாம். ஐக்கிய அமெரிக்காவின் மாதாந்த அறிக்கையில் முன்னது செய்யப்படும், பின்னது செய்யப்படுவதில்லை. பிரித்தானியாவோ பெறுமதி, கணியம் ஆகிய இரண்டையும் தருகின்றது.

இத்திருத்தங்களின் தேவையை எமது ஊராகிய வல்வெட்டித்துறையைக் கொண்டே விளக்கலாம். முத்துமாரி அம்மன் கோயில் தீர்த்தமும் இந்திரவிழாவும் சித்திராப் பௌர்ணமியில் நிகழ்வன. அந்நாள் சில ஆண்டுகளில் ஏப்ரலிலும் சில ஆண்டுகளில் மே மாதத்திலும் அமையும். ஓராண்டின் ஏப்ரல் விற்பனையை முன்னைய ஆண்டின் ஏப்ரலோடு ஒப்பிட்டு, வணிகம் வீழ்ந்துவிட்டதென ஒருவர் அறிக்கை எழுதக்கூடும். வீழ்ந்தது வணிகமன்று, நிறைமதி நாள் தள்ளிப்போயிற்று, அவ்வளவே.

விலைத் திருத்தம் இன்னும் ஆழமானது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் முன்னைய ஆண்டின் அதே மாதத்தைவிட 69.8 சதவீதம் உயர்ந்திருந்தது. உணவுப் பொருட்களில் அவ்வுயர்வு 94.9 சதவீதமாகும். முன்னைய ஆண்டில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு விற்ற பலசரக்குக் கடையொன்று, அம்மாதத்தில் ஒன்றரை இலட்சத்துக்கு விற்றதெனக் கொள்வோம். ரூபாக் கணக்கில் அது 50 சதவீத வளர்ச்சி. பொது விலையுயர்வால் திருத்தினால் விற்பனை ஏறத்தாழ 12 சதவீதம் குறைந்துள்ளது. உணவு விலையுயர்வால் திருத்தினால் வீழ்ச்சி 23 சதவீதமாகின்றது. மூன்று எண்களும் கணித அளவிற் பிழையற்றவை. ஆயினும், சீனியையும் மாவையும் குறைத்து வாங்கிச் சென்ற தாயொருத்தியின் நிலைமைக்கு அண்மையில் நிற்பது இறுதி எண் ஒன்றே. மூன்றையும் அறிந்த ஒருவர் முதலாவதை மட்டும் மேடையேற்றினால், அவர் பொய் சொன்னவரல்லர்; ஆனால் உண்மை சொன்னவருமல்லர்.

இங்கு மேலுமொரு வினா எழுகின்றது. விலை என்றால் எவ்வூர் விலை? 1952ஆம் ஆண்டை அடியாண்டாகக் கொண்ட பழைய சுட்டெண் கொழும்பு நகரத் தொழிலாளர் குடும்பங்களின் செலவை அடிப்படையாகக் கொண்டது. 2007 வரை வழக்கிலிருந்த அதுவே நாட்டின் பணவீக்கமாகப் பேசப்பட்டது. 1990இல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டபின், யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் கொழும்பு விலையின் பன்மடங்குக்கு விற்றது. அவ்விலை அச்சுட்டெண்ணில் ஒரு புள்ளியளவுகூட அசைவை ஏற்படுத்தவில்லை. 2001ஆம் ஆண்டின் குடித்தொகை மதிப்பும் 18 மாவட்டங்களிலேயே முழுமையாக நிறைவேறிற்று. யாழ்ப்பாணம் அவற்றுள் இல்லை. எல்லா மாகாணங்களையும் தழுவிய தேசிய நுகர்வோர் விலைச்சுட்டெண் 2015இலேயே அறிமுகமாயிற்று.

போர்க்காலத்தில் எண்ண இயலாமற் போனதைப் புள்ளிவிபரவியலாளரின் குற்றமெனக் கூறுதல் நேர்மையன்று. அவர்கள் தம் எல்லைகளை அடிக்குறிப்பில் எழுதியே வைத்தனர். அடிக்குறிப்பைக் கைவிட்டு எண்ணை மட்டும் சுமந்து சென்றோரே பிழை செய்தோராவர். அறியப்படாதது வேறு, இல்லாதது வேறு. இவ்வேறுபாடு அழியுமிடத்து மக்கட் கூட்டமொன்றின் பசி கணக்கிலிருந்தே அழிந்துவிடுகின்றது.

ஆயின் எம்மையும் நாம் வினவுதல் வேண்டும். பாய்க்கப்பல் ஓட்டிக் கடல் வணிகத்தாற் சிறந்த எமது ஊரின் கொடுக்கல் வாங்கலில் ஒரு பகுதி சுங்கப் பதிவேடுகளைக் காணாதது. வரிக்கு அஞ்சி விற்பனையைக் குறைத்துக் கூறும் வழக்கம் சிறுகடைகளில் இன்றும் உண்டு. எண்ணப்படாமையை நொந்துகொள்ளும் நாமே எண்ணுவோரிடம் மறைத்தால், அப்பிழையில் எமக்கும் பங்குண்டன்றோ? கேட்போர் நம்பத்தக்கவராயிருத்தலும் சொல்வோர் மெய் கூறுதலும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் கடமைகள்.

எண்ணுதல் என்னும் தமிழ்ச்சொல் கணக்கிடுதலையும் சிந்தித்தலையும் ஒருங்கே குறிக்கும். முதலாவது திணைக்களத்தின் பணி. இரண்டாவது, அவ்வெண்ணை வாசிக்கும் எம் ஒவ்வொருவரின் பணியாகும்.