கட்டுதலே முதற் குற்றம்

வட அமெரிக்காவில் வாழும் நம் குடும்பத்துச் சிறுவன் ஒருவன், தோட்டத்தில் பிடித்த கார்ட்டர் பாம்புக் குட்டிக்கு என்ன உணவிடுவது என நம்மை வினவினான். பாலும் பழமும் அதற்கு ஆகா. மண்புழு, தவளை, மீன் முதலியனவே இரை. பொன்மீனையே தொடர்ந்து இட்டால் தயமின் சத்துக் குன்றி நலியும். புதிதாய்ப் பிடிபட்டதோ அஞ்சி, எதையும் உண்ண மறுத்தலும் உண்டு.

அன்பர்களே, ஐயறிவுப் பாம்பை ஓம்ப ஈரறிவு மண்புழுவைக் கொல்லலாமோ? கொல்லாது விடின், உணவு மறுத்தல் என்னும் அதிசாரம் அகிம்சை விரதத்தைச் சாரும். இவ்விரு இடரையும் ஈன்றது, தத்துவார்த்த சூத்திரம் முதற்கண் எண்ணும் கட்டுதல் என்னும் அதிசாரமே. புல்வெளியில் அது தேடும் இரை அதன் வினை. பெட்டியுள் நாம் இடும் இரை நம் வினை.

பார்சுவ பகவானுக்குப் படம் விரித்த தரணேந்திரனைப் போற்றும் நாம் சிறுவனைக் கடியவில்லை. பிடித்த இடத்திலேயே விடுமாறு எழுதினோம். விட்டதும் கல்லிடுக்கில் மறைந்ததாம்.