நெடுநாள் விருந்தாளிக்கு என்ன தர்மம்?

கேள்வி: அமெரிக்காவில் டல்லாஸில் வசிக்கிறோம். பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு, ஜூன் நடுவிலிருந்து ஆடிப்பெருக்கு முடியும்வரை, திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமத்தில் சித்தப்பா வீட்டில் தங்கப் போகிறோம். நாங்கள் நான்கு பேர். “இத்தனை நாள் ஒருத்தர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் அந்தக் கடன் அடுத்த ஜென்மத்துக்கும் தொடரும்” என்கிறார் என் மாமியார். பணம் கொடுத்தால் சித்தப்பா கோபித்துக்கொள்வார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, டல்லாஸ்

பதில்: உங்கள் மாமியார் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். விரத நாளிலும் திதிக்கு முந்தின நாளிலும் நம் பெரியவர்கள் வெளியே கை நனைக்க மாட்டார்கள். பிறர் அன்னத்தோடு பிறர் உழைப்பும் நமக்குள் போகிறது, அதற்கு ஈடு செய்யாமல் எழுந்திருக்கக் கூடாது என்றுதான் அந்த வழக்கத்தை நான் புரிந்துகொண்டிருக்கிறேன். அதற்காக ஓட்டலில் அறை எடுத்துவிடாதீர்கள். கடல் கடந்து வந்த அண்ணன் மகள் தஞ்சாவூர் லாட்ஜில் தங்கினாள் என்ற பேச்சை உங்கள் சித்தப்பாவால் தாங்க முடியாது.

கும்பகோணம் தாண்டி, பூந்தோட்டம் பக்கத்தில் திருவீழிமிழலை இருக்கிறது. பிள்ளைகளை ஒருநாள் அங்கே அழைத்துப் போங்கள். அப்பரும் சம்பந்தரும் அடியார் கூட்டத்தோடு அந்த ஊரில் தங்கியிருந்தபோது மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. இறைவன் இருவருக்கும் நாள்தோறும் பொற்காசு தந்தார். சம்பந்தருக்குக் கிழக்குப் பீடத்தில், அப்பருக்கு மேற்குப் பீடத்தில். சம்பந்தரின் காசைக் கடைக்காரர்கள் வட்டம் பிடித்துக்கொண்டே மாற்றினார்கள். அதனால் அவர் மடத்தில் பந்தி போட நேரமாகிவிடும். அப்பர் மடத்திலோ உரிய நேரத்தில் இலை விழும். அவருடைய காசில் குறையே இல்லை. ஏன் என்பதற்குச் சேக்கிழார் சொல்லும் காரணம், அப்பர் கைத்தொண்டு செய்தவர் என்பது. உழவாரத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் கோயிலாகப் புல் செதுக்கிய கை அது. பிறகு சம்பந்தர் பதிகம் பாடி நல்ல காசு பெற்றார் என்பது வேறு.

போன ஊரில் எப்படித் தங்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை. ஞானசம்பந்தரின் காசுக்கே வட்டம் பிடித்தார்கள் என்றால், உங்கள் டாலர் எம்மாத்திரம்? கையால் செய்யுங்கள்.

உங்கள் சித்தி விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவார். பால்காரரிடம் உங்களுக்காக இரண்டு லிட்டர் கூடுதலாகச் சொல்லியிருப்பார். இட்லிக்கு அரைத்த மாவு, முன்பு மூன்று நாள் வந்தது, இப்போது ஒரே வேளையில் தீரும். 14.2 கிலோ சிலிண்டர் பாதி மாதத்திலேயே காலியாகும். இதில் எதையும் அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஆகவே கோலமாவு டப்பாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரிப் பாத்திரங்களை உங்கள் கணவர் தேய்க்கட்டும். “மாப்பிள்ளை பாத்திரம் தேய்ப்பதா?” என்று சித்தி பதறுவார். இரண்டு நாள் பதறுவார், மூன்றாம் நாள் பழகிவிடும். பூப்பறிப்பது, பூஜைச் சாமான் துலக்குவது, திண்ணை பெருக்குவது பிள்ளைகள் வேலை.

பணத்தை நீட்டாதீர்கள். அரிசி மூட்டை, நல்லெண்ணெய், பருப்பு இவற்றைக் கடையில் சொல்லி வீட்டில் இறக்கிவிடுங்கள். சிலிண்டர்காரர் வரும்போது முந்திக்கொள்ளுங்கள். ஊர்க் கோயிலில் ஒருநாள் அபிஷேகத்துக்குக் கட்டி, சங்கல்பத்தில் சித்தப்பா, சித்தி பெயரை முதலில் சொல்லச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தங்கள் பெயரைப் போட்டு ஒரு குழல்விளக்கை மாட்டிவிட்டுப் போவதைப் பல கோயில்களில் பார்க்கிறேன். வருஷம் முழுக்க அந்தச் சந்நிதியில் விளக்கு ஏற்றுகிறவர்கள் பெயர் எங்குமே இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் ஊரிலிருந்து மிக அருகில் திங்களூர். எல்லோரும் சந்திரன் ஸ்தலம் என்று போகிறார்கள். அது அப்பூதியடிகளின் ஊர். அப்பருக்கு விருந்து படைக்க வாழை இலை அறுக்கப்போன மூத்த மகன் பாம்பு தீண்டி இறந்தான். விருந்து தடைப்படக் கூடாதென்று பெற்றவர்கள் உடலை மறைத்துவைத்தார்கள். அப்பர்தான் ஏதோ சரியில்லை என்று உணர்ந்து, விடாமல் கேட்டார். விருந்து கொடுக்கிறவர் துக்கத்தை மறைப்பார், அது அவர் பண்பு. விருந்துண்ண வந்தவர் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சித்தப்பாவின் மாத்திரை டப்பாவில் என்ன இருக்கிறது, சித்தி ஏன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுகிறார் என்று கேளுங்கள். கேட்டு, டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இவ்வளவும் செய்தால் எந்தக் கடனும் உங்களைத் தொடராது.

கேள்வி: மலேசியாவிலிருந்து வந்து புதுக்கோட்டைப் பக்கம் பெரியப்பா வீட்டில் ஒரு மாதம் தங்கினோம். அப்போது பெரியப்பா காலமாகிவிட்டார். திருச்செந்தூர் பயணத்தை ரத்து செய்தோம். ஆனால் விமான டிக்கெட் காரணமாகப் பதினாறாம் நாள் காரியத்துக்கு இருக்க முடியாமல் திரும்பிவிட்டோம். குற்றமா?
– ஒரு வாசகர், ஈப்போ

பதில்: குற்றமில்லை. பங்காளித் தீட்டு உங்களுக்கும் உண்டு. எனவே கோயில் பயணத்தை நிறுத்தியது சரி. வேண்டுதல் இருந்தால் அது அப்படியே நிற்கிறது, அடுத்த முறை செலுத்தலாம். நாள் கணக்கு குலத்துக்குக் குலம் மாறும், உங்கள் வீட்டுப் பெரியவர் சொல்வதே கணக்கு. கருமாதி செய்ய வேண்டியவர்கள் அவருடைய பிள்ளைகள். அதே நாளில் நீங்கள் ஈப்போவில் தலைமுழுகி, விளக்கேற்றி, நாலு பேருக்குச் சோறு போட்டிருந்தால் போதுமானது. செய்யவில்லையென்றால் அவருடைய முதல் திதியில் செய்யுங்கள். அழுகிற வீட்டில் அந்த நாள்களில் ஆள்துணையாக இருந்தீர்கள் அல்லவா, அதுவே பெரிது.

கேள்வி: வருஷந்தோறும் என் கணவரின் தம்பி குடும்பம் லண்டனிலிருந்து வந்து இரண்டு மாதம் எங்கள் கிராமத்து வீட்டில் தங்குகிறது. நல்லவர்கள். ஆனால் எனக்கு 62 வயதாகிறது. மூன்றாவது வாரம் எரிச்சல் வருகிறது. பிறகு ‘விருந்தினரை நினைத்து முகம் சுளித்துவிட்டேனே’ என்று சுவாமி முன்னால் அழுகிறேன். இது பாவமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: பாவமில்லை அம்மா. உங்களுடையது உடம்பின் அயர்வு, மனத்தின் வஞ்சகமல்ல. வஞ்சகம் உள்ளவர்கள் சுவாமி முன்னால் அழ மாட்டார்கள்.

திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாவது அதிகாரம். முன்னால் அன்புடைமை, பின்னால் இனியவை கூறல். மூன்றும் இல்லறவியலில் இருக்கின்றன. இல்லறம் என்றால் கணவன், மனைவி இருவருக்குமான அறம். விருந்தினரை வாசலில் வரவேற்று, கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது மட்டும் கணவரின் பங்கு, அடுப்படி முழுக்க உங்கள் பங்கு என்று எந்த நூலும் பிரித்துக் கொடுக்கவில்லை. உங்கள் கடிதத்தில் அவர் என்ன வேலை செய்கிறார் என்று ஒரு வரிகூட இல்லையே!

இந்த முறை அவர்கள் வந்ததும் இனிய சொல்லாகவே சொல்லிவிடுங்கள்: “எனக்கு முன்போல் முடியவில்லை, ராத்திரிச் சமையல் உங்களுடையது.” மூன்றாவது வாரம் வீட்டை அவர்கள் பொறுப்பில் விட்டுவிட்டு, நாலு நாள் பிள்ளைகள் வீட்டுக்கோ, உடன்பிறந்தவர்கள் வீட்டுக்கோ போய் இருந்துவிட்டு வாருங்கள். நீங்கள் தயங்கினால் இந்தப் பக்கத்தை உங்கள் கணவரிடம் கொடுங்கள். ஐயா, தம்பி குடும்பம் உங்களுக்கும் விருந்துதான். நாளைக் காலைக் காபியிலிருந்தே நீங்கள் அடுப்படிக்குள் வர வேண்டும்.