காரணம் கேட்காத நாற்காலி

நூலகங்களின் எதிர்காலம் பற்றிப் பேச்சு வந்தால் என் அலுவலக நண்பர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "எல்லாம் போன்ல வந்துடுச்சு, அப்புறம் கட்டடம் எதுக்கு?" மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் இதை என்னால் தள்ளிவிட முடியாது. பாதி உண்மைதான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும் பழைய நூல்கள் பலவற்றைக் கிளை நூலகங்களில் பார்க்கவே முடியாது.

மீதிப் பாதிதான் பிரச்சினை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எத்தனையோ வீடுகளில் ஒரே அறைக்குள் சமையல், டிவி, தம்பியின் வீட்டுப்பாடம், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் அப்பா. வெளியே கன்டெய்னர் லாரிகளின் ஹாரன். இங்கே புத்தகத்தைவிட அரிதானது ஒரு நாற்காலியும் இரண்டு மணி நேர அமைதியும்தான். புத்தகத்தை டவுன்லோட் பண்ணலாம், அமைதியைப் பண்ண முடியாது.

அரசுக்கும் இது புரிந்திருக்கிறது. 2024 நவம்பரில் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கவும் லேப்டாப்போடு வேலை பார்க்கவும் இடம் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் நாளைய நூலகம் முழுக்கவே இப்படி ஆகிவிட்டால், எந்த இலக்கும் இல்லாமல் வருகிறவர் எங்கே உட்காருவார்? காசிமேட்டு ஏலம் முடிந்து வந்து பேப்பர் புரட்டும் பெரியவர்? சிலபஸில் இல்லாத நாவலை எடுக்கும் ப்ளஸ் டூ பெண்?

"இருக்கிறதே நாலு சீட்டு, குரூப் 4 எழுதுற பிள்ளைக்குக் கொடுக்காம பேப்பர் படிக்கிறவருக்கா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சீட்டு போதவில்லை என்றால் சீட்டைக் கூட்டணும், ஆளைக் குறைக்கக் கூடாது. தவிர, வேலை கிடைத்த பிறகு அந்தப் பிள்ளை எதற்காக நூலகம் வரும்?

எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. எங்கள் துறை அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டது. அதற்கு முந்தைய இரண்டும் ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்கின்றன. தனக்கான நூல் எதுவென்றே தெரியாமல் வருகிறவரும் வாசகர்தானே? அவருக்குத் தேவை, வீணாக்கக் கொஞ்சம் நேரம். எந்தப் பக்கத்தில் நின்றோம் என்பதை ஆப் குறித்துவைத்து, நாளைக்கு அதே மாதிரி இன்னொன்றை நீட்டும். அலமாரி எதையும் குறிப்பதில்லை. தப்பான புத்தகத்தை எடுத்து, திருப்பி வைத்து, பக்கத்தில் இருப்பதை எடுக்கலாம். அந்தச் சுதந்திரத்துக்கு இன்னும் யாரும் கோட் எழுதவில்லை.

இதைச் சலுகையாக நினைக்க வேண்டாம். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின் வழியாக, இன்று சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலகத்துக்குப் போகிறது. ஒண்டுக்குடித்தனக்காரரும் வாடகை வழியாக அதைக் கட்டுகிறார். அந்த நாற்காலி அவர் காசு.

நூலகம் வளர்கிற உயிர் என்பதும் ரங்கநாதனின் விதிதான், ஐந்தாவது. வளரட்டும். வைஃபை வரட்டும், ஏசி வரட்டும். "எதுக்கு வந்தீங்க?" என்று யாரும் கேட்காத ஒரு மேசை மட்டும் அப்படியே இருக்கட்டும்.