சாட்சிகளைப் பொய்யராக்குவது

சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் என் பழைய மாணவர் ஒருவர் வந்தமர்ந்தார். சிறுவயதில் மக்தபில் என்னிடம் ஓதியவர். இப்போது அச்சங்குளத்துப் பக்கம் பட்டாசுத் தொழிலில் இருக்கிறார். “ஹஜரத், பூமி உருண்டை என்பதெல்லாம் பொய்யாமே? தட்டை என்றுதானே குர்ஆனும் சொல்கிறது?” என்று கேட்டார். ‘அல்காஷியா’ அத்தியாயத்தின் 20ஆம் வசனத்தில் வரும் ‘ஸுதிஹத்’ என்னும் சொல்லை யாரோ அவருக்கு எடுத்துக் கொடுத்திருந்தார்கள்.

சொல்லுக்கு விளக்கம் கூறுவது எளிது. ‘பரப்பப்பட்டது’ என்பது அதன் பொருள். பூமியின்மீது நடப்பவனுக்கு அது பரந்து கிடப்பதாகவே தெரியும். மிகப் பெரிய உருண்டையின் ஒவ்வொரு பகுதியும் பார்ப்பவனுக்குச் சமதளமாகவே தோன்றும் என்று இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (ரஹ்) எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தம் தஃப்ஸீரில் எழுதிவிட்டார்கள். இத்துடன் பேச்சு முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை.

“நான் கண்ணால் காணாததை ஏன் நம்ப வேண்டும்?” என்றார். கண்டதையே பேசுவோம் என்றேன். 2025 செப்டம்பர் 7ஆம் நாள் இரவு முழுச் சந்திர கிரகணம். பதினொரு மணியளவிலிருந்து நள்ளிரவு கடந்து 12.22 வரை சந்திரன் செம்புநிறமாய் நின்றது. நாம் கிரகணத் தொழுகை தொழுத இரவு அது. சந்திரன்மேல் ஏறிய நிழலின் விளிம்பு வளைந்திருந்ததை அவரும் கண்டிருக்கிறார். ஒரு தட்டின் நிழல் ஒரு கோணத்தில் வட்டமாகவும் மறு கோணத்தில் கோடாகவும் விழும். சந்திரன் வானத்தின் எந்த மூலையில் நின்றாலும், எல்லாக் கிரகணங்களிலும் வட்டமாகவே விழுவது உருண்டையின் நிழல்தான். மஃரிபு நேரத்துச் சூரியனையும் சுட்டிக் காட்டினேன். விலகிச் செல்லும் விளக்கு சிறுத்துக்கொண்டே போகும். சூரியனோ லுஹரில் இருந்த அளவு குறையாமல், அடிப்பக்கம் முதலில் மறைய, இறங்குகிறது.

ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. உற்றுக் கேட்டபோது அப்பதில்கள் அனைத்தும் ஓரிடத்தில் வந்து நின்றன. மாலுமி பொய் சொல்கிறான். விமானி பொய் சொல்கிறான். விண்ணில் சென்று வந்தவனும் பொய் சொல்கிறான். வானநூலார் யாவரும் கூடிப் பேசிவைத்துக்கொண்டு பொய் சொல்கிறார்கள். பூமியின் வடிவத்தைப் பற்றிய கேள்வி, மனிதர்களின் நாணயத்தைப் பற்றிய தீர்ப்பாக மாறியிருந்தது. இது இனி வானநூலின் விவகாரம் அன்று, அக்லாக்கின் விவகாரம் என்று எனக்குப் பட்டது.

2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். “அன்று நீ அங்கே இருந்தாயா, தம்பி?” என்று கேட்டேன். “இல்லை, ஹஜரத். விருதுநகரில் இருந்தேன். பார்த்தவர்கள் சொன்னார்கள்” என்றார். “நாற்பது ஆண்டு கழித்துத் தொலைவூர்க்காரன் ஒருவன் வந்து, அப்படியொரு விபத்தே நடக்கவில்லை, அழுதவர்கள் நடித்தார்கள் என்றால்?” அவர் முகம் மாறியது. ஆறாத புண்ணைத் தொட்டிருக்க வேண்டாமோ என்று எனக்கும் தோன்றியது. ஆனால் கேட்டாகிவிட்டது.

பல இடங்களிலிருந்து பலர் அறிவிப்பது, அவர்கள் கூடிப் பொய் புனைந்திருக்க வழியில்லாத அளவை எட்டும்போது, ஹதீஸ்கலை அறிஞர்கள் அதனை முதவாத்திர் என்பர். மக்காவைக் காணாதவனும் மக்கா என்றோர் ஊர் உண்டென்பதை ஐயுறுவதில்லை. அப்படியானால் சந்தேகமே கூடாதா? கூடும். செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி திருமறையே (49:6) பணிக்கிறது. நம் முஹத்திஸ்கள் அறிவிப்பாளர்களைச் சல்லடையிட்டுச் சலித்தவர்கள். ஆனால் அவர்கள் இன்னாரின் நினைவாற்றல் பழுது, இன்னார் இவரைச் சந்தித்ததே இல்லை என்று ஆளையும் காரணத்தையும் காட்டிக் குறை சொன்னார்கள். எல்லோரும் பொய்யர் என்று ஒரே வீச்சில் தள்ளவில்லை. அவர்கள் செய்தது விசாரணை. காரணமின்றி அனைவரையும் தள்ளுவதோ, அதே அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கும் கெட்ட எண்ணம்.

நம் பக்கமும் குறை இருக்கிறது. பூமி உருண்டை என்போருள் பெரும்பாலோர் பள்ளிப் புத்தகத்துக்கு மேல் ஓர் ஆதாரமும் அறியோம். மாற்றிச் சொல்பவனைக் கண்டு சிரிக்க மட்டும் தெரியும். மாசி மாத முன்னிரவில் தெற்கே பாருங்கள். அரபியில் ஸுஹைல் என்றும் தமிழில் அகத்தியர் என்றும் வழங்கும் விண்மீன் நம் வட்டாரத்தில் ஏறத்தாழ 28 பாகை உயரம் ஏறும். வடக்கே செல்லச் செல்லத் தாழ்ந்து, பின் அறவே தெரியாமற் போகும். குர்துபாவில் பிறந்த இப்னு ருஷ்து, சொந்த ஊரில் காணக் கிடைக்காத அந்த மீனை மர்ராகுஷில் கண்டு, பூமி வளைந்தது என்பதற்குச் சான்றாக்கினார். இதற்குத் தொலைநோக்கி வேண்டியதில்லை. பயணமும் பொறுமையும் போதும்.

வாதத்தில் வென்றுவிட்டால் எதிரி ஒப்புவான் என்று எண்ணுவது பேதைமை. 1870இல் இங்கிலாந்தில் ஜான் ஹாம்ப்டன் என்பவர், நீர்ப்பரப்பு வளைந்திருப்பதை நிரூபித்தால் 500 பவுன் தருவதாகப் பந்தயம் கட்டினார். இயற்கை ஆய்வாளர் வாலஸ், பெட்ஃபோர்டு கால்வாயில் ஆறு மைல் நீளத்தில் அதை அளந்து காட்டினார். நடுவர் வாலஸுக்கே தீர்ப்பளித்தார். ஹாம்ப்டனோ ஆண்டுக்கணக்கில் வாலஸை ஏசினார். அவருடைய மனைவிக்கும் மிரட்டல் கடிதம் எழுதினார். அதற்காகச் சிறையும் சென்றார். பந்தயம் செல்லாது என்று நீதிமன்றம் கூறியதால் பணமும் வாலஸிடம் நிலைக்கவில்லை. (சூது நமக்கு ஏன் விலக்கப்பட்டது என்பதற்கு இதையும் சொல்லலாம்.) வாதிடுபவன் தொலைந்த பொருளைத் தேடுபவனைப்போல் இருக்க வேண்டும், அது தன் கையில் கிடைத்தாலென்ன, பிறன் கையில் கிடைத்தாலென்ன என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் சொன்னதை வாலஸும் ஹாம்ப்டனும் எங்கே கேட்டிருக்கப் போகிறார்கள்!

2024 டிசம்பரில் அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் இரு தரப்பாரையும் அண்டார்டிகாவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே கோடையில் இருபத்து நான்கு மணி நேரமும் சூரியன் மறைவதில்லை. தட்டைப் பூமிக் கொள்கைக்கு அது ஒவ்வாதது. அக்கொள்கையைப் பல்லாண்டு பரப்பிய ஜெரன் காம்பனெல்லா அங்கே நின்று, மறையாத சூரியன் இல்லை என்று தாம் நம்பியது தவறு என ஒப்பினார். உடனே பழைய கூட்டாளிகளில் சிலர் அவரையும் விலைபோனவர் பட்டியலில் சேர்த்தார்கள். நேற்றுவரை அவர் பிறரைச் சேர்த்துவந்த பட்டியல்தான் அது.

மாணவரிடம் ஒன்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் பல்லாண்டு பாடம் நடத்திய தஃப்ஸீர் ஜலாலைனில், அதே வசனத்தின் கீழ், இமாம் மஹல்லீ (ரஹ்) பூமி தட்டை என்பதே வெளிப்படையான பொருள் என்றும், மார்க்க அறிஞர்களின் கருத்தும் அதுவே, வானநூலார் கூறும் உருண்டையன்று என்றும் எழுதியிருக்கிறார்கள். வானநூலார் கூற்றால் ஷரீஅத்தின் தூண் எதுவும் தகர்ந்துவிடாது என்றும் அடுத்தே சேர்த்திருக்கிறார்கள். கிதாபை எடுத்து விரித்துக் காட்டினேன்.

“அப்படியானால் இமாம் தவறிவிட்டார்களா?”

“இந்த விஷயத்தில், ஆம்.”

சற்று நேரம் கிதாபையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்கள் காட்டியிராவிட்டால் எனக்கு இது தெரிந்தே இருக்காது, ஹஜரத்” என்றார். மஃரிபு பாங்குக்கு நேரமாகியிருந்தது.