காத்திருக்கும் பரங்கி

ஐப்பசி மாதத்தில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பிரதேசத்தில் மேப்பிள் மரங்கள் சிவந்து இலையுதிர்க்கத் தொடங்கும்போது, சாலையோரத்துப் பண்ணைக் கடைகளில் பெரிய மரப்பெட்டிகள் நிறையப் பரங்கிக்காய்கள் வந்து குவிகின்றன. அவற்றுள் பட்டர்நட் என்று வழங்கும் காய், கழுத்து நீண்டு அடி பருத்துச் சந்தன நிறத்தில் இருப்பதால் முதற்பார்வைக்கு அந்நியமாகத் தோன்றினாலும், தாவர சாஸ்திரப்படி நம் ஊரில் பெரும்பாலும் பயிராகும் பரங்கியின் இனத்தையே சேர்ந்தது. மகள் வீட்டில் தங்கியிருக்கும் இலையுதிர் காலங்களில், இந்தக் காயைக் கொண்டு ஒரு சாதாரணக் கறி செய்வதில் எனக்கு ஏற்பட்ட பிரியமும், அந்தப் பிரியத்தை ஒட்டி எழுந்த சில யோசனைகளுமே இங்கே விஷயம்.

கறி செய்வதில் வித்தை ஒன்றும் இல்லை. தோலைச் சீவி, விதையை வழித்தெறிந்து, கட்டைவிரல் அகலத்துக்குத் துண்டு போட்டு, கொஞ்சம் எண்ணெயும் உப்பும் மிளகுத்தூளும் பிசறி, அகலமான தட்டில் பரப்பி, ஓவனில் 200 டிகிரி செல்ஸியஸ் சூட்டில் அரைமணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வைத்திருந்தால், ஓரம் பழுப்பேறி உள்ளே வெண்ணெயாய்க் குழைந்துவிடும். துண்டுகளை நெருக்கிப் போடக்கூடாது என்பது ஒன்றே நியமம். நெருங்கிக் கிடந்தால் அவை தம் ஈரத்திலேயே புழுங்கி வெந்துபோகுமேயன்றி வறுபடமாட்டா.

ஆனால் இதே முறையில், இதே சூட்டில் செய்த கறி ஒரு வாரம் சப்பென்றும் மற்றொரு வாரம் தேனாகவும் அமைவதற்குக் காரணம் என்ன என்று ஆராயப் புகுந்தபோது, அடுப்பில் ஏறுவதற்கு வெகு முன்னமே சமையலின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது என்பது தெரிந்தது. பறித்த பட்டர்நட்டை முதலில் சுமார் பத்து நாள் 27 டிகிரிக்குக் குறையாத வெதுவெதுப்பில் வைத்துத் தோலை இறுகச் செய்து, பிறகு 10 முதல் 13 டிகிரி வரையுள்ள உலர்ந்த அறையில் ஒரு மாதமாவது விட்டுவைத்தால், அதனுள் இருக்கும் மாவுச்சத்து சிறிது சிறிதாகச் சர்க்கரையாக மாறுகிறது. சதையின் மஞ்சளும் ஆழ்ந்து செம்மை ஏறுகிறது. யாரும் தொடாமல், யாரும் பாராமல் நடக்கிற காரியம் இது.

இதைவிட என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தது, நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் பரங்கி வகைகளை நெடுங்காலம் ஆராய்ந்த பிரெண்ட் லாய் என்ற விஞ்ஞானி எடுத்துக் காட்டிய ஓர் உண்மை. பூ காய்பிடித்துச் சுமார் 20 நாளில் காய் தன் முழு உருவத்தையும் அடைந்துவிடுகிறது. எனினும் உள்ளேயுள்ள விதைகள் முற்றுவதற்கு 50 நாளுக்கு மேல் ஆகிறது. உருவத்தைக் கண்டு ஏமாந்து முன்னதாகவே பறித்துவிட்டால், கொடியின் ஆதரவை இழந்த அந்தக் காயின் சதையிலிருந்தே விதைகள் தமக்கு வேண்டிய சத்தை உறிஞ்சி வளர்கின்றன. வெளியே ஒரு குறையும் தெரியாத காய் உள்ளே வறிதாகிவிடுகிறது. பதினெட்டு வயதில் உத்தியோகத்தில் அமர்ந்து குடும்பபாரத்தைத் தலைமேல் ஏற்றுக்கொண்ட சில மனிதர்களை நான் அறிவேன். அவர்களுடைய தோற்றத்தைப் பார்த்து, இவன் பெரியவனாகிவிட்டான் என்று நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோமே, அவர்களை எந்த வேரிலிருந்து துண்டித்தோம் என்று ஒருவராவது யோசித்தோமா?

அவசரமாகப் பறித்து அவசரமாக விற்ற காய்க்கு ருசி குறைவாகவே இருக்கும். அதனால் அந்நாட்டுச் சமையலறைகளில் அதன்மேல் மேப்பிள் பாகையும் பழுப்புச் சர்க்கரையையும் லவங்கப்பட்டைத் தூளையும் தாராளமாகச் சேர்த்துவிடுகிறார்கள். நன்றாகக் காத்திருந்த காய்க்கு உப்பு ஒன்றே போதும். சிநேகத்திலும் இப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் ஒருவருக்கொருவர் எத்தனை புகழ்மொழி, எத்தனை உபசாரம், எத்தனை பரிசுகள் வழங்கிக்கொள்கிறார்கள்! அவை பொய்யல்ல, காலம் செய்யவேண்டிய வேலையை வார்த்தைகள் செய்ய முற்படுகின்றன, அவ்வளவே. முப்பது வருஷத்து நண்பர் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "என்ன ஓய், சாப்பாடு ஆச்சா?" என்று கேட்பதற்குமேல் அங்கே ஒன்றும் வேண்டியிருப்பதில்லை.

இதனால் எதையும் காக்கவைப்பதே சிறப்பு என்று சாதிக்க நான் துணியமாட்டேன். ஏகார்ன் என்ற கரும்பச்சைப் பரங்கியை வெதுவெதுப்பில் வைத்தால் கெட்டுப்போகும். இரண்டு மாதத்துக்குமேல் வைத்திருந்தால் நார் தட்டிவிடும். ஹப்பார்ட் என்ற பெருங்காயோ ஐந்து மாதமும் தாங்கும். நம் வீடுகளில் பால் கூட்டுக்கென்று தேடி வாங்கும் இளம் பரங்கிக்கொட்டையின் மென்மை, முற்றிய பரங்கியில் ஏது? அந்தக் கூட்டில் சேர்க்கும் வெல்லம் குறையை மறைப்பதற்காகச் சேர்ப்பதும் அன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு என்பதை ஒப்புக்கொள்வதில் சிரமமில்லை. எதிரே இருப்பது எந்த ஜாதிக் காய் என்று அறிவதில்தான் சிரமம் இருக்கிறது. காம்பு உலர்வதும், நகம் அழுந்தாத தோலும் பட்டர்நட்டுக்கு அடையாளம். பிள்ளைகளை வளர்க்கும் தகப்பனுக்கு அப்படி ஓர் அடையாளம் கிடைப்பதில்லை. அவன் தன் சொந்த பயத்தையும் ஆசையையும் விலக்கி வைத்துவிட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது.

பார்த்துக்கொண்டிருப்பது என்பது சேமித்து வைத்த காய்க்கும் அவசியம். நிலவறையில் அடுக்கிய காய்களை வாரம் ஒருமுறை கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறேன். காம்பு ஒடிந்ததும் அடிபட்டதும் மற்றவற்றோடு காத்திருக்க இயலாதவை. அவற்றை அன்றைக்கே மேலே கொண்டுவந்து, அழுகிய இடத்தை அரிந்து நீக்கி, மிச்சத்தைக் கொஞ்சம் வெல்லம் கூட்டியே சமைக்கிறேன்.