சிட்டுக்குருவியும் நாய்க்குட்டியும்

உயிர்களை வளர்த்து வாழும் மக்களுக்கு மரணம் புதிதன்று. ஆயினும், பிறந்து மூன்றே நாளான நாய்க்குட்டி ஒன்று, மாலைவரை தாயிடம் பால் குடித்துவிட்டு, விடியலில் விறைத்துக் கிடக்கும்போது, வளர்த்தவருக்கு உண்டாகும் துயரம் அவருக்கே வியப்பளிக்கிறது. "ஒரு நாய்க்குட்டிக்குப் போய் அழலாமா சாமி? ராத்திரி முழிச்சிருந்தா பிழைச்சிருக்குமோ?" என்று கூடலூர்ப் பகுதியில் நம்மிடம் கேட்போர் உண்டு. இவை இரு வேறு வினாக்கள். முதலாவது அன்பின் ஒழுங்கைப் பற்றியது. இரண்டாவது குற்றத்தைப் பற்றியது.

கம்பம் பள்ளத்தாக்கில் நாய் வளர்ப்பு நேற்று வந்த பொழுதுபோக்கு அன்று. மலையடிவாரத்துக் கோம்பை தன் பெயரையே ஒரு நாட்டினத்திற்குத் தந்திருக்கிறது. செம்பழுப்பு உடலும் கருத்த முகவாயும் கொண்ட கோம்பை நாய் தோட்டத்தையும் பட்டியையும் காத்தது. காட்டுப்பன்றியை எதிர்த்து நின்றது. கலப்பற்ற குட்டிகள் அரிதாகிவிட்ட நிலையில், ஓர் ஈற்றில் ஒரு குட்டியை இழப்பதும் பேரிழப்பாகவே தோன்றுகிறது.

இரண்டாம் வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 63 நாள் கருவிலிருந்து, கண்ணும் காதும் மூடியபடி குட்டி பிறக்கிறது. முதல் சில நாள்களில் நடுங்கி உடலைச் சூடாக்கிக்கொள்ளும் ஆற்றலும் அதற்கில்லை. தாயின் சூடே அதன் சூடு. முதல் நாளில் சீம்பால் கிட்டாவிடில் நோயை எதிர்க்கும் வலு குன்றும். உடல் குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. மெல்லச் சூடேற்றிய பின்னரே ஊட்ட வேண்டும். குளிர், பட்டினி, தொற்று, பிறவிக் குறை ஆகியவற்றுள் ஒன்றே உயிரைப் பறிக்கப் போதும். நார்வே நாட்டில் 10,810 ஈற்றுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு எட்டுக் குட்டிகள் இறந்து பிறந்தனவாகவோ முதல் வாரத்திற்குள் மடிந்தனவாகவோ கண்டனர். மருத்துவ வசதி மிகுந்த நாட்டின் நிலையே இது.

எனவே ஒவ்வோர் இறப்பும் கவனக்குறைவின் விளைவன்று. மனத்தாபம் செய்த குற்றத்திற்கு உரியது. துயரம் இழந்த அன்பிற்கு உரியது. செய்யாத குற்றத்திற்காகத் தன்னையே வதைப்பது தாழ்ச்சி போலத் தோன்றலாம். ஆனால் வாழ்வும் சாவும் முழுவதும் நம் கையிலிருந்தன என்னும் எண்ணம் அதனுள் மறைந்திருக்கக் கூடும். அதேவேளையில் மெய்யான குற்றங்களும் உண்டு. தாய்நாயை ஓய்வின்றிச் சினைப்படுத்துதல், நெருங்கிய இரத்த உறவில் இணை சேர்த்தல், மெலிந்த குட்டி விலைபோகாதென ஒதுக்கிவிடுதல் ஆகியன அத்தகையவை. நம் விருப்பத்தால் பிறப்பித்த உயிருக்கு நாமே பொறுப்பு. குற்றம் இருப்பின் திருந்துவோம். இல்லையெனில் துயரத்தைத் துயரமாகவே சுமப்போம்.

இனி முதல் வினா. விலங்குகளுக்குப் பரிவு காட்டுவது மனிதரின் கடமை என்று 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. மனிதத் துன்பத்தைத் துடைக்க வேண்டிய பணத்தை அவற்றுக்குச் செலவிடலாகாது, மனிதருக்கே உரிய அன்பை அவற்றுக்கு வழங்கலாகாது என்றும் அது எச்சரிக்கிறது. எச்சரித்ததே தவிர, கண்ணீரைத் தடைசெய்யவில்லை. நாத்தான் இறைவாக்கினர் தாவீது அரசரின் மனச்சான்றைத் தட்டியெழுப்ப, ஏழை ஒருவன் மகளைப்போல் மடியில் வளர்த்த ஆட்டுக்குட்டியைப் பற்றியே சொன்னார். அதைக் கேட்ட அரசர் நகைக்கவில்லை, சினந்தெழுந்தார். சிறு உயிரின் மீதான பரிவு பெரிய நீதிக்கு வாயிலாயிற்று. ஆனால் நாய்க்குட்டிக்காக அழுத கண், அடுத்த தெருவில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயைக் காணாது போனால், அந்தக் கண்ணீரை நாம் ஐயுறத்தான் வேண்டும்.

"எல்லாம் கடவுள் சித்தம்" என்று விரைந்து சொல்லி வாயடைப்பதும் நன்றன்று. இரண்டு காசுக்கு ஐந்தாக விற்கப்படும் சிட்டுக்குருவிகளுள் ஒன்றையும் கடவுள் மறப்பதில்லை என்றார் ஆண்டவர். குருவி விழாது என்று அவர் உறுதியளிக்கவில்லை. விழும் குருவி மறக்கப்படாது என்றே கூறினார். விலங்கின் உயிர் உடலோடு முடிகிறதெனப் புனித தோமா அக்குவினாஸ் கருதினார். படைப்பு முழுவதும் பேறுகால வேதனையோடு விடுதலைக்குக் காத்திருப்பதாகப் பவுலடியார் எழுதினார். முடிவில்லா வாழ்வில் ஒவ்வொரு படைப்பும் உருமாற்றம் பெற்றுத் தனக்குரிய இடத்தைப் பெறும் என்ற நம்பிக்கையை, 2015-இல் திருத்தந்தை பிரான்சிசு தம் சுற்றுமடலில் வெளியிட்டார். எவ்வாறு என்பதைப் படைத்தவரிடமே விட்டுவிடுவோம்.

ஆகவே, இறந்த குட்டியைக் குப்பையில் எறியாது, மண்ணில் புதைப்போம். பிள்ளைகளிடம் "யாரோ வாங்கிச் சென்றார்கள்" என்று பொய் சொல்லாதிருப்போம். சாவைப் பற்றிய முதற்பாடத்தை அவர்கள் உண்மையிலிருந்து கற்கட்டும். தேடித் தவிக்கும் தாய்நாயை விரட்டாது, எஞ்சிய குட்டிகளின் சூட்டையும் பாலையும் கவனிப்போம். சில நாளே நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட உயிருக்காகவும் நன்றி கூறும் உள்ளத்தினர் ஆவோமாக.