ஹியெய் மலைக்கு ஒரு பகல்

கியோத்தோவுக்கு வடகிழக்கே 848 மீட்டர் உயரத்தில் நிற்கிறது ஹியெய் மலை. அடிவாரத்தில் ஹியோஷி தாய்ஷா ஆலயம், மேலே என்ரியாகுஜி மடாலயம். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்பார்கள். திரும்பிவிடலாம்தான். எதைப் பார்க்காமல் திரும்புவது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

*

சகமோத்தோ பக்கமாக ஏறுவதென்று முடிவு. கியோத்தோவிலிருந்து ரயிலில் சுமார் இருபது நிமிடம், பிறகு நடை. ஊருக்குள் வழிநெடுகக் கல்மதில்கள். செதுக்காத கற்களைச் சாந்தில்லாமல் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து அடுக்கியிருக்கிறார்கள். அனோ என்னும் பக்கத்து ஊர்க் கல்தச்சர்களின் கைவேலை. பிற்காலத்தில் பிரபுக்கள் கோட்டை கட்ட அழைத்ததும் இவர்களைத்தான்.

முதலில் ஹியோஷி. மலைக்குக் காவல் தெய்வம் கீழே இருக்க, கும்பிடாமல் மேலே போவது முறையல்ல. மேற்கு, கிழக்கு என்று மூலச் சன்னிதிகள் இரண்டு. பின்னாலுள்ள குன்றின்மேலும் சன்னிதிகள் உண்டு, ஏற்றம் செங்குத்து. அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். முட்டி ஒரு காரணம், நேரம் இன்னொன்று.

பிறகு கேபிள் கார். 1927 முதல் ஓடுகிறது. 2025 மீட்டர் பாதை, பதினோரு நிமிடம்.

*

துறவி சைச்சோ 788இல் சிறு கூடமாகத் தொடங்கியது என்ரியாகுஜி. அதன் தலைமைக் கூடமான கொன்பொன் சூதோவில் அன்றுமுதல் எரிவதாகச் சொல்லும் நந்தா விளக்கு இருக்கிறது. உள்மண்டபத் தரை மூன்று மீட்டர் பள்ளத்தில் இருப்பதால், கும்பிடுகிறவர் கண்மட்டத்துக்கு நேராகவே சுடர் நிற்கும். அண்ணாந்து பார்க்கவும் வேண்டாம், குனியவும் வேண்டாம்.

1571இல் போர்ப்பிரபு ஓதா நொபுநாகா மலையையே கொளுத்தினான். விளக்கும் போயிற்று. ஆனால் அதற்கு முன்பே வடக்கே யாமாதெரா கோயிலுக்கு இங்கிருந்து சுடர் பகிர்ந்து போயிருந்தது. அங்கிருந்து திரும்பக் கொண்டுவந்து ஏற்றினார்கள். இன்று நிற்கும் கூடம் 1642இல் எழுந்தது. இங்கே ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். போதாது என்று இப்போதே தெரிகிறது.

*

மடாலயத்துக்கு மூன்று வளாகங்கள். கொன்பொன் சூதோ இருக்கும் கிழக்கு வளாகத்திலிருந்து மேற்கு வளாகத்துக்குப் பேருந்து உண்டு. நடக்கலாம் என்றிருக்கிறேன், காரணம் வழியிலுள்ள ஜோதோ-இன். சைச்சோவின் சமாதி அது. அங்கே ஒரு துறவி பன்னிரண்டு ஆண்டுகள் மலையை விட்டு இறங்காமல், சைச்சோ உயிரோடிருப்பதாகவே பாவித்து நாள்தோறும் உணவு படைக்கிறார். மிச்ச நேரத்தில் பெருக்குகிறார். சுற்றிலும் ஓங்கிய மரங்கள், முற்றத்தில் ஓர் இலை கிடக்கக்கூடாது. பெருக்கி முடித்துத் திரும்புவதற்குள் அடுத்தது விழுந்திருக்கும். மறுபடி துடைப்பம். இதைத் தண்டனை என்று நினைத்தால் ஒரு வாரம் தாங்காது.

ஏழு ஆண்டுகளில் ஆயிரம் நாள் மலைப்பாதையில் நடக்கும் துறவிகளும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் நடை நாளொன்றுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். மரம், பாறை, ஊற்று என்று 260க்கும் மேற்பட்ட இடங்களில் நின்று கும்பிடுகிறார்கள். நமக்குப் பட்டியலில் ஏழு இடம் எழுதினாலே ஓட்டம்தான். அவர்கள் மறுநாளும் அதே இடங்களுக்கு வருகிறார்கள். நாம் பார்த்தாயிற்று என்று கோடு கிழித்துவிடுகிறோம்.

வடக்கே நாலு கிலோமீட்டர் தள்ளி யொகவா வளாகம். மனசில்லாமல்தான் எடுத்துவிட்டேன். அதைச் சேர்த்தால் ஜோதோ-இன் முற்றத்தில் நிற்க நேரமிருக்காது. மூன்று வளாகங்களையும் ஒரே பகலில் முடித்ததாகச் சொல்கிறவர்கள் பேருந்து நிறுத்தங்களைத்தான் அதிகம் பார்த்திருப்பார்கள்.

*

போகிறவர்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் வளாகங்களுக்கிடையே ஓடும் பேருந்து நின்றுவிடும், கியோத்தோ பக்கத்துக் கேபிள் காரும் ஓடாது. சகமோத்தோ பக்கத்து வண்டி ஓடும்.